திரையில் ஒட்டிய பிளாஸ்திரி

"உங்க நர்ஸ் பிள்ளைங்க என் ஸ்கிரீன் மேல பிளாஸ்திரி ஒட்டுதாங்க, சிஸ்டர்" என்றார் வைத்தியலிங்கம்.

ஜெசிந்தா தலை நிமிரவில்லை. குளுக்கோஸ் பாட்டிலில் ஒட்டுவதற்கு வெள்ளைப் பிளாஸ்திரியைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தார்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரி அது. அதன் கம்ப்யூட்டர் புரோகிராமை ஒன்பது வருஷமாகத் தனியாளாக எழுதி வளர்த்தவர் வைத்தியலிங்கம். எந்தக் குழந்தைக்கு எந்த மருந்து எவ்வளவு என்று அதுதான் கணக்குப் போட்டுத் திரையில் காட்டும். ஐம்பதை நெருங்குகிற மனிதர். யாரிடமும் போய் நின்று பழக்கமில்லாதவர்.

ஜெசிந்தா அவரைவிடப் பத்து வயது சின்னவர், வார்டு இன்சார்ஜ். ஆனால் டாக்டர்களுக்கே ஒரு சந்தேகம் என்றால் அவரிடம்தான் வருவார்கள். அப்படி ஒரு நிதானம் அந்த அம்மாளுக்கு. வீறிட்டு அழுகிற குழந்தையின் நரம்பைக்கூட ஒரே தடவையில் பிடித்துவிடுவார்.

வைத்தியலிங்கம் ஒன்றும் கற்றுக்கொள்ள வரவில்லை, சண்டை பிடிக்க வந்திருந்தார். குருவிடம் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் வந்து சேர்கிறார்கள்.

நிர்வாகம் அவருக்குக் கெடு வைத்திருந்தது. நர்சுகள் நம்பாத புரோகிராம் நமக்கு எதற்கு? மாசக் கடைசியில் அந்தத் திரையில் ஒரு பிளாஸ்திரி இருந்தாலும் உங்களுடையதைத் தூக்கிவிட்டு வெளியிலிருந்து வேறு வாங்கிவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். திரையின் விளிம்பில், அந்தந்த மருந்துக்கு நேரே, அப்போது ஆறு பிளாஸ்திரி இருந்தது.

எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். ஜெசிந்தா கத்தரியைக் கீழே வைத்தார்.

"அப்போ பிச்சிருங்க, சார். மேல இருந்து ஆரம்பிங்க."

இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. உற்சாகமாகப் போய் முதல் பிளாஸ்திரியை உரித்தார்.

உரித்த கையோடு அதில் பேனாவால் எழுதியிருந்ததைப் படித்தார். 'இந்த ஊசி, பத்து கிலோவுக்குக் கீழே பாதி அளவு. ஜூன் 12. டாக்டர் ஆவுடையப்பன்.'

அந்த நேரம் பக்கத்து வார்டிலிருந்து உதவிக்கு வந்த நர்ஸ் ஒருத்தி தட்டோடு வந்தாள். திரையைப் பார்த்தாள். நாலாம் நம்பர் கட்டில், எட்டு கிலோ, அதே ஊசி, இவ்வளவு மருந்து என்று போட்டிருந்தது. சிரிஞ்சை எடுத்து மருந்துப் புட்டியில் குத்தினாள்.

ஜெசிந்தா எழுந்துவிட்டார். ஆனால் அதற்கு முன் வைத்தியலிங்கத்தின் வாயிலிருந்து வார்த்தை வந்துவிட்டது.

"பாதி. பாதிதான், அம்மா."

நர்ஸ் நின்றாள். நாலாம் நம்பர் கட்டிலில் ஒரு குழந்தை தன் கால் கட்டைவிரலைப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

வைத்தியலிங்கம் பிளாஸ்திரியை இருந்த இடத்திலேயே திருப்பி ஒட்டினார். ஒருமுறை உரித்த பிளாஸ்திரி ஒட்டுமா? நழுவியது. கட்டைவிரலை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"விரலை எடுத்திராதீங்க, சார்" என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா ரவுண்ட்ஸ் போய்விட்டார்.

முக்கால் மணி நேரம். ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டரையெல்லாம் கட்டி ஆள்கிற மனிதர், பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கினவர் மாதிரி விரலை வைத்துக்கொண்டு நின்றார். வந்த நர்சுகள் தலையைச் சாய்த்து, விரலைச் சுற்றிப் பிளாஸ்திரியைப் படித்துவிட்டுப் போனார்கள். யாரும் சிரிக்கவில்லை, அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

ஜெசிந்தா திரும்பி வந்து புதுத் துண்டு ஒன்றில் அதையே எழுதி ஒட்டினார். அப்புறம்தான் வைத்தியலிங்கத்தின் விரல் கீழே வந்தது.

இதை நான் மாற்றிவிடுகிறேன் என்றார் அவர். எத்தனை நாள் ஆகும் என்று ஜெசிந்தா கேட்டார். அந்தக் கணக்கு புரோகிராமுக்குள் பதினோரு இடத்தில் இருக்கிறது, ஒன்றைத் தொட்டால் இன்னொன்று இடிக்கும், எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்க இரண்டு வாரமாவது வேண்டும் என்றார். டாக்டர் அதைச் சொல்ல இரண்டு நிமிஷம்தான் ஆயிற்று என்றார் ஜெசிந்தா.

வைத்தியலிங்கத்துக்குச் சுருக்கென்றது. என்ன இருந்தாலும் ஒன்பது வருஷ உழைப்பு.

"பிளாஸ்திரி கிழிஞ்சா போச்சு, சிஸ்டர். என் புரோகிராம்ல அப்படி இல்ல. ஒவ்வொரு வரியையும் யார் எழுதினா, என்னைக்கு எழுதினான்னு பதிஞ்சிருக்கும்."

"அப்படியா? ரொம்ப நல்லதாப் போச்சு" என்றார் ஜெசிந்தா. நிஜமாகவே சந்தோஷப்பட்டார். "அப்போ காட்டுங்களேன். எட்டு கிலோ பிள்ளைக்கு முழு அளவுன்னு சொன்னது யாரு?"

அவர் மடிக்கணினியைத் திறந்தார். தேடினார். வரி கிடைத்தது, தேதியும் கிடைத்தது. யாரோ ஒரு டாக்டர் வராந்தாவில் போகிற போக்கில் சொல்லி, இவர் எழுதிக்கொண்டது. அந்த டாக்டர் யாரென்று இப்போது ஞாபகமில்லை, எங்கேயும் எழுதி வைக்கவுமில்லை. அந்த வரிக்கு நேரே இருந்தது ஒரே ஒரு பெயர்.

ஜெசிந்தா குனிந்து, எழுத்துக் கூட்டுவது போல மெதுவாகப் படித்தார்.

"வைத்தியலிங்கம்."

ஜெசிந்தா நிமிர்ந்தார்.

"பேர்ல மட்டும்தான் வைத்தியம்னு நெனச்சிருந்தேன், சார்."

வைத்தியலிங்கம் அடுத்த வரியைப் பார்த்தார், அதிலும் அதே பெயர். அதற்கடுத்ததிலும் அதுதான். ஒன்பது வருஷமாக, ஒரு குழந்தையின் நாடியைக்கூடத் தொட்டுப் பார்க்காமல், வார்டு முழுக்க மருந்து சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். மடிக்கணினியை மூடிவிட்டுப் போனார்.

அந்த மாசம் அவரை யாரும் கேன்டீனில் பார்க்கவில்லை.

டாக்டர்கள் சொன்ன ஒவ்வொன்றையும் புரோகிராமுக்குள்ளிருந்து முள் எடுப்பது போல எடுத்தார். எடுத்ததையெல்லாம் ஒரே பக்கத்தில் வரிசையாக, படித்தால் புரிகிற தமிழில் வைத்தார். ஜெசிந்தாவின் பிளாஸ்திரியில் இருந்த மூன்று விஷயமும் ஒவ்வொரு வரியிலும் வேண்டும் என்று வைத்துக்கொண்டார். என்ன, என்றிலிருந்து, யார் சொன்னது. எழுதுவது டாக்டர், இன்னொரு டாக்டர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும், சொன்ன நிமிஷமே அது திரைக்கு வந்துவிடும். புரோகிராம் அந்தப் பக்கத்தைப் படித்துக் கணக்குப் போடும், அதோடு அதன் வேலை சரி. மருந்தைப் பற்றி அதற்குச் சொந்தமாக ஒரு வார்த்தை தெரியாது. பாதியாக இளைத்துப்போன தன் புரோகிராமைப் பார்த்தபோது, இத்தனை வருஷத்தில் அது இவ்வளவு அழகாக இருந்ததே இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

மாசக் கடைசி நாள் காலையில் டாக்டர் ஆவுடையப்பன் வார்டில் நின்றபடியே தன் வரியைத் தட்டினார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. பக்கத்தில் நின்ற டாக்டரம்மா படித்துப் பார்த்துச் சரி என்றார்.

மற்ற ஐந்து பிளாஸ்திரிகளும் ஏற்கெனவே போயிருந்தன. ஆறாவதை ஜெசிந்தா நகத்தால் மெல்ல உரித்தார்.

கீழே திரையில் இருந்தது: பத்து கிலோவுக்குக் கீழே பாதி அளவு, ஜூன் 12 முதல், டாக்டர் ஆவுடையப்பன்.

வைத்தியலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அவருடைய கட்டைவிரல் தானாகவே போய் அந்த வரியின் மேல் அழுத்திக்கொண்டது.

"விரலை எடுங்க, சார்" என்றார் ஜெசிந்தா. "மத்தவங்க படிக்கணும்."