செவ்வாய்ச்சந்தைக்கு ஆதாரம் தேடியவர்கள்

மேலப்புளியூரில் செவ்வாய்ச்சந்தை என்று ஒன்று இருக்கிறது. அது புதன்கிழமைதோறும் கூடும். ஏன் இப்படி என்று அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. அருணோதயம் ஒருவர்தான் கேட்டார். கேட்டதோடு விடாமல் அதையே ஆய்வுத் தலைப்பாக எடுத்துக்கொண்டு, பல்கலைக்கழகத்தில் எட்டு வருஷத்தை ஓட்டிவிட்டார். இப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்று.

எட்டாம் வருஷக் கடைசியில் பல்கலைக்கழகத்திலிருந்து ஓலை வந்தது. ஒரு கட்டுரையை எழுதி ஆய்விதழ் அலுவலகத்தில் கொடுத்து, அந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சீட்டு வாங்க வேண்டும். வாங்காவிட்டால் பதிவு ரத்து. பாவம், மனிதருக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. "முனைவர் அருணோதயம்" என்று வாசலில் மாட்டப் பெயர்ப்பலகையை மூன்று வருஷத்துக்கு முன்பே எழுதி வாங்கி, பரணில் வைத்திருந்தார்.

அவருக்குத் துணையாக, அதே பேராசிரியையிடம் ஆய்வு செய்கிற தங்கபுஷ்பமும் சூசையும் சேர்ந்துகொண்டார்கள். மூன்று பேரும் நல்லவர்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மற்றதில்தான்.

பேராசிரியை எஸ்தர் கட்டுரையைப் படித்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு வரிக்குக்கூட ஆதாரம் இல்லையே! ஒவ்வொரு வரியும் எங்கிருந்து வந்துச்சுன்னு காட்டணும். ஆசிரியர் பேரு, பக்க எண் எல்லாம் வேணும். இணையம்னா கடைசியாப் பார்த்த தேதி. ஒருத்தர் எங்கேயோ படிச்சதைச் சொன்னா அவரைக் காட்டாதீங்க, அவர் படிச்ச மூலத்தைக் காட்டுங்க. வெளிவராததை வெளிவந்ததா எழுதாதீங்க" என்றார். அன்று மாலையே ஒரு பயிற்சிக்காக டெல்லிக்கு ரயிலேறினார். ஏறும்போது, "நான் சொன்னதை அப்படியே செய்யுங்க. சொந்தமா எதையும் யோசிச்சிராதீங்க" என்று கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

என்னைக் கேட்டால், அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் அவர் சொல்லாமல் போயிருக்கலாம்.

முதல் ஆதாரம் சந்தை வாசலில் நிற்கிற கல்வெட்டு. "செவ்வாய்ச்சந்தை" என்று பெரிதாக வெட்டியிருந்தது. வெட்டியவர் பெயர் இல்லை. மூவரும் கல்லை மூன்று முறை சுற்றி வந்தார்கள். கீழ் மூலையில் ஆணியால் கீறிய எழுத்தைச் சூசைதான் கண்டுபிடித்தான்.

"அண்ணாச்சி, ஆசிரியர் பேரு இருக்கு! முருகேசன், ரோஸி. ரெண்டு பேரு சேர்ந்து எழுதியிருக்காக."

"நடுவுல ஒரு படம் போட்டிருக்கே, அது என்னது?" என்றாள் தங்கபுஷ்பம்.

அருணோதயம் குனிந்து பார்த்தார். அம்பு பாய்ந்த இதயம். "பதிப்பகத்தோட சின்னமா இருக்கும்" என்றார்.

அப்படியே எழுதிக்கொண்டார்கள். அடுத்துப் பக்க எண். கல்லில் எழுத்து முன்னால் மட்டும்தானா, அடியிலும் தொடர்கிறதா என்ற சந்தேகம் வந்தது. கடப்பாரை வாங்கி வந்து கல்லைப் புரட்டினார்கள். அடியில் இரண்டு மண்புழுவும் ஒரு பழைய செருப்பும் இருந்தன. "ஒரே பக்கம்தான்" என்று குறித்துக்கொண்டு கிளம்பினார்கள். திரும்ப நிமிர்த்தி வைக்கும்படி பேராசிரியை சொல்லவில்லை.

இரண்டாவது ஆதாரம் கருவாட்டுக்கடை மாசானம்மாள். தன் வியாபாரத்துக்கு நடுவே அந்த அம்மாள் சொன்னாள்: "நான் கட பரப்புன நாள்லேருந்து புதன்கெழமதான் தம்பி. செவ்வாய்க்கெழம நான் வந்ததே இல்ல." அருமையான ஆதாரம். ஆனால் மாசானம்மாளுக்குப் பக்க எண் கிடையாது.

தராசுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து யோசித்தார்கள்.

"கருவாடு வாங்க ஆள் வந்தா பேச்சு நின்னு போவுது, கவனிச்சீங்களா?" என்றான் சூசை. "ஆள் போனதும் மறுபடி தொடருது. அப்ப ஆள் வாற இடம்தான் ஒரு பக்கம் முடியுற இடம்."

அருணோதயத்துக்குப் புல்லரித்துவிட்டது. கணக்கிட்டார்கள். பதின்மூன்று பேர் வாங்கிப் போன பிறகுதான் அவள் அதைச் சொல்லியிருந்தாள். ஆகவே, மாசானம்மாள், பக்கம் பதினான்கு.

மறுநாள் சரிபார்க்கப் போனார்கள். சந்தை இல்லாத நாள் என்பதால் மாசானம்மாள் தன் வீட்டு வாசலில் கடை போட்டிருந்தாள். மதியம்வரை நாலே பேர்தான் வந்தார்கள். தங்கபுஷ்பம் பதறிப்போனாள். "நாளைக்கு யாராவது வந்து பதினாலாம் பக்கத்தைப் பாக்கணும்னா எங்க போவாக?" வேறு வழியில்லாமல் மூவரும் மாறி மாறி வரிசையில் நின்று, ஒன்பது தடவை நெத்திலி வாங்கினார்கள். பதினான்காம் பக்கத்தில் மாசானம்மாள், "ஏன் தம்பி, உங்க வீட்டுல சமைக்க வேற ஒண்ணுமே இல்லியா?" என்று கேட்டாள். பதிப்புக்குப் பதிப்பு வித்தியாசம் இருக்கும் என்று அருணோதயம் சமாதானம் சொன்னார்.

மூன்றாவதாக இணையம். ஊரைப் பற்றிய ஒரு தளத்தை அடுத்த திங்கட்கிழமை பார்த்து, கடைசியாகப் பார்த்த தேதி திங்கள் என்று தட்டச்சு செய்துவிட்டார்கள். செவ்வாய் காலையில் சூசை முகம் வெளிறி வந்து நின்றான்.

"அண்ணாச்சி, தெரியாம இன்னைக்கும் பாத்துட்டேன்."

தேதியை மாற்றினார்கள். புதன்கிழமை, தேதி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக அதே தளத்தைத் தங்கபுஷ்பம் திறந்தாள். மறுபடி மாற்றினார்கள். கடைசியில் மூன்று பேருடைய போனையும் அரிசிப் பானைக்குள் புதைத்து, உயிருள்ளவரை அந்தத் தளத்தைத் திறப்பதில்லை என்று சத்தியம் செய்தார்கள். இன்றுவரை அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றுகிறார்கள். கேலிக்காகச் சொல்லவில்லை, அதற்கும் ஒரு மனம் வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் எல்லா வரிக்கும் ஆதாரம் வந்துவிட்டது. கடைசி வரி ஒன்றுதான் பாக்கி. "என்றோ ஒரு செவ்வாய்க்கிழமை பெருமழை பெய்ததால் வியாபாரிகள் மறுநாள் கூடினர், பிறகு பழைய நாளுக்குத் திரும்ப மறந்தனர்." எட்டு வருஷத்தில் அருணோதயம் கண்டுபிடித்தது அது ஒன்றுதான். உண்மையில் நல்ல வரி.

"இது யாரு சொன்னது?" என்றாள் தங்கபுஷ்பம்.

"நான்தான். எனக்கே தோணுச்சு."

"அதெப்படி அண்ணாச்சி? சொந்தமா யோசிக்கக் கூடாதுன்னு மேடம் சொல்லிட்டுத்தானே போனாக?"

அருணோதயம் திருடிப் பிடிபட்டவர்போலத் தலைகுனிந்தார். சூசைக்கு மனசு கேட்கவில்லை. அண்ணாச்சியையே பேட்டி எடுத்து ஆதாரமாக்கிவிடலாம் என்றான். நாற்காலி போட்டு உட்காரவைத்து, தேதியைக் குறித்துக்கொண்டு கேட்டான்: "ஐயா, சந்தை ஏன் புதன்கிழமை கூடுது?"

"மழையினாலதான்."

"இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அருணோதயம் பொய் சொல்லத் தெரியாதவர். நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டு, "நம்ம கட்டுரையில படிச்சேன். இப்பக்கூட ஒரு தடவ படிச்சுட்டுத்தான் வந்து உக்காந்தேன்" என்றார்.

"அப்ப உங்களைக் காட்டக் கூடாது. நீங்க படிச்ச மூலத்தைத்தான் காட்டணும்" என்றாள் தங்கபுஷ்பம். "மூலம் நம்ம கட்டுரை. அது எந்த இதழ்ல, எத்தனையாம் பக்கத்துல வந்திருக்கு?"

"இன்னும் வரலையே."

 மூன்று பேரும் பஸ் பிடித்து ஆய்விதழ் அலுவலகத்துக்கு ஓடினார்கள். போய்ச் சேரும்போது மணி நாலே முக்கால். அங்கிருந்த எழுத்தர் சிதம்பரநாதன் கை நீட்டினார்.

"கொண்டாங்க, சீட்டு போட்டுத் தாரேன்."

அருணோதயம் கட்டுரையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "குடுத்திருதேன் சார். மொதல்ல நீங்க இதை அச்சடிச்சு வெளியிடுங்க. பக்க எண்ணைப் பாத்து எழுதின உடனே குடுத்திருதேன்."

"குடுக்காம எப்படிங்க அச்சடிக்க?"

"அச்சடிக்காம எப்படி சார் குடுக்க?"

சிதம்பரநாதன் இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்காரர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இரண்டு வாதத்தையும் சீர்தூக்கிப் பார்த்தார். அதற்குள் சுவர்க் கடிகாரம் ஐந்து அடித்தது. அவர் சீட்டுப் புத்தகத்தை மூடி மேசைக்குள் வைத்துப் பூட்டினார்.

"அடுத்த இதழ் செப்டம்பர்ல வருது" என்றார்.

"அவ்வளவுதானே!" அருணோதயத்தின் முகம் மலர்ந்துவிட்டது. எட்டு வருஷம் காத்திருந்தவருக்கு செப்டம்பர் ஒரு தூரமா? இதழ் கை தவறிப் போய்விடக் கூடாது என்று அங்கேயே நின்று மூன்று பேருக்கும் ஆண்டுச் சந்தா கட்டினார். கட்டுரையைப் பத்திரமாகப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டுச் சொன்னார்:

"நம்ம கட்டுரை வந்த உடனே ஒரு கடுதாசி போடுங்க சார். அன்னைக்கே கொண்டாந்து குடுத்திருதேன்."