நாற்காலி முதுகில் இருந்த முகவரி

பாளையங்கோட்டையில் ‘கைத்தாங்கல்’ என்று ஒரு குழு. படுத்த படுக்கையானவர்களுக்குக் கட்டில், நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி, மூச்சு முட்டுகிறவர்களுக்கு ஆக்சிஜன் மெஷின். எல்லாம் இலவச இரவல். அதன் செயலாளர் கோமதிநாயகி. வயது ஐம்பத்திரண்டு. கை வேகம், வாய் அதைவிட வேகம்.

புது வெப்சைட் வேண்டும் என்று குழுவில் தீர்மானம் போட்டார்கள்.

“யாரையாவது வச்சுச் செஞ்சுக்கலாம்” என்றார் தலைவர்.

“யாரையாவது வச்சுச் செஞ்சதுதான் பழசு. இதை நானே கத்துக்கிட்டுச் செய்யுதேன்” என்றாள் கோமதிநாயகி.

கற்றுக்கொள்ள அவள் போனது ஜெபராணியிடம். சமாதானபுரத்தில் ஒரு மாடியறையில் கம்ப்யூட்டர் சொல்லித் தருகிறவள். கோமதிநாயகியைவிடப் பதினெட்டு வயது இளையவள். கேள்வி கேட்டால் பதில் சொல்கிற வழக்கம் அவளுக்குக் குறைவு. எதையாவது செய்வாள், இல்லாவிட்டால் செய்யச் சொல்வாள். முதல் நாளே கோமதிநாயகி, “போன் நம்பரை எந்த இடத்துல போடணும் டீச்சர்?” என்று கேட்டாள். ஜெபராணி அவளுடைய மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். பழைய வெப்சைட்டைத் திறந்து, “இதுல நம்பர் எங்க இருக்கு, தேடுங்கக்கா” என்றாள்.

இந்த மாதிரிப் பாடத்துக்குப் பயந்து ஓடினவர்கள் நிறைய. கோமதிநாயகி மூன்று மாதமாக ஓடவில்லை. முணுமுணுத்தபடியே படித்தாள்.

புது வெப்சைட் தயாராகிவிட்டது. அதன் முகவரியும் புதிது, முன்னதில் பாதி நீளம்தான். ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. அழைப்பிதழ் அடித்து ஊரெல்லாம் கொடுத்தாயிற்று. புதன்கிழமை காலையில் கோமதிநாயகி மாடிப்படி ஏறி வந்து, உட்காருவதற்கு முன்பே கேட்டாள்.

“டீச்சர், பழசை என்னைக்கு மூடலாம்?”

ஜெபராணி பனங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்தாள். பழைய வெப்சைட்டைத் திறந்தாள். ‘உதவி தேவையா? இங்கே எழுதுங்கள்’ என்று அதில் ஒரு பெட்டி இருந்தது.

“இதுல எழுதிப்போட்டா யாருக்குப் போவும்?”

“குழுவுக்குத்தான்.”

“குழுவுல யாருக்கு?”

“அது... தெரியலையே.”

ஜெபராணி தன் பெயரையும் தெருவையும் போட்டு, ‘ஒரு சக்கர நாற்காலி வேண்டும்’ என்று எழுதி அனுப்பினாள். பிறகு மறுபடி கிழங்கை எடுத்தாள்.

“என்ன டீச்சர் பண்ணுதீங்க?”

“இருங்க.”

இருப்பது கோமதிநாயகிக்குப் பிடிக்காத வேலை. மின்விசிறியைத் திட்டினாள். அழைப்பிதழில் தன் பெயரைச் சின்னதாகப் போட்ட அச்சகத்தைத் திட்டினாள். அதைத் திட்டி முடிப்பதற்குள் அவளுடைய போன் சிணுங்கியது.

‘வார்டு சிஸ்டர்’ என்று அவள் பதிந்து வைத்திருந்த எண்ணிலிருந்து செய்தி. ‘ஜெபராணி, சமாதானபுரம். ஒரு சக்கர நாற்காலி வேண்டுமாம். விசாரித்துக் கொடுக்கவும்.’

கோமதிநாயகி அதை இரண்டு தரம் படித்தாள்.

“யாரு அந்த சிஸ்டர்?” என்றாள் ஜெபராணி.

“பெரியாஸ்பத்திரி நர்ஸா இருக்கும்னு நானா நெனச்சுக்கிட்டேன். ரெண்டு வருஷமா வாரத்துக்கு நாலு பேரையாவது அனுப்புதாங்க. நல்ல மனுஷி. முகம் பார்த்ததில்ல, குரல் கேட்டதில்ல, வெறும் மெசேஜ்தான். ஆனா நீங்க இப்ப எழுதினது அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“கேளுங்க.”

கோமதிநாயகி அந்த எண்ணுக்கு அடித்தாள். சத்தம் வெளியில் கேட்கும்படி வைத்தாள்.

“வணக்கம், சிஸ்டர்...”

“ஞானதுரை பேசுதேன்” என்றது ஒரு ஆண் குரல்.

அவள் போனை வைத்துவிட்டாள்.

ஞானதுரை, டெலிபோன் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். எட்டு வருஷத்துக்கு முன்னால் பழைய வெப்சைட்டைப் போட்டவரும் அவர்தான். இரண்டு வருஷத்துக்கு முன் பொதுக்குழுவில், அறுபது பேர் முன்னால், கோமதிநாயகி அவரைப் பார்த்து, “இது வெப்சைட்டா? தூசி தட்டாத பரண்” என்று சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த தீர்மானத்தில் அவரைப் பொறுப்பிலிருந்து எடுத்தார்கள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

“அந்த மனுஷன் எதுக்கு டீச்சர் இன்னும் இதைப் பார்த்துக்கிட்டு இருக்காரு?” என்றாள் கோமதிநாயகி.

ஜெபராணி கம்ப்யூட்டரில் வேறு ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். பழைய வெப்சைட் முகவரி ஞானதுரையின் பெயரில் இருக்கிறது, அதற்குக் கட்டிய வருஷப் பணத்தின் கெடு வருகிற சனிக்கிழமையோடு முடிகிறது என்று அதில் இருந்தது.

“முடிஞ்சா முடியட்டுமே. அதான் புதுசு இருக்கே.”

“கொஞ்ச நாள் கழிச்சு யார் வேணும்னாலும் அந்தப் பேரை வாங்கிக்கிடலாம். பக்கத்து ஊர்ல ஒரு வாசகர் வட்டம் இப்படித்தான் விட்டாங்க. இப்ப அதைத் திறந்தா ரம்மி ஆடக் கூப்பிடுது.”

“ஆடுறவன் ஆடட்டும்.”

“உங்க நாற்காலி எல்லாம் எங்கக்கா இருக்கு?”

கோமதிநாயகி விரலை மடக்கி வீடுகளை எண்ணத் தொடங்கி, மூன்றாவது விரலோடு நிறுத்தினாள்.

கைத்தாங்கலில் பதிவேடு கிடையாது. ‘நோயாளி வீட்டில் போய்க் கையெழுத்துக் கேட்காதே’ என்பது ஆரம்பித்தவர்கள் வைத்த வழக்கம். ஒரு வீட்டில் தேவை முடிந்தால், அவர்களே அடுத்த வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கொடுத்துவிடுவார்கள். யாருக்கும் வேண்டாம் என்றால் குழுவுக்குத் தகவல் சொல்வார்கள். எங்கே சொல்வது? அதற்காகத்தான் ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும், ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் மஞ்சள் பெயிண்டில் எழுதி வைத்திருந்தார்கள். இருநூறு சாமான். எல்லாவற்றிலும் பழைய முகவரி.

“போச்சு” என்றாள் கோமதிநாயகி. “எல்லாம் போச்சு. எந்தச் சாமான் எந்த வீட்டுல கிடக்குன்னு யாருக்குத் தெரியும்? டீச்சர், நீங்க அந்த ஆளுகிட்டப் பேசுங்க.”

“நான் எதுக்கு?”

“நான் போனா மூஞ்சியில கதவைச் சாத்துவாரு.”

“சாத்துதாரான்னு பார்த்துட்டு வந்து சொல்லுங்க” என்று ஜெபராணி கிழங்கை இரண்டாகப் பிளந்தாள்.

ஞானதுரை கதவைச் சாத்தவில்லை. திறந்துவிட்டுத் தள்ளி நின்றார். அவர் மனைவி கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்தார். கோமதிநாயகி தம்ளரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். வழியெல்லாம் சட்டம் பேசிப் பார்த்துக்கொண்டுதான் வந்தாள். குழுவின் சொத்து, உடனே ஒப்படைக்க வேண்டும், அது இது. வாயில் வந்தது வேறு.

“நான் உங்களை ரெண்டு வருஷமா சிஸ்டர்னு கூப்பிட்டிருக்கேன்.”

“ஆமா.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல சார்?”

“நன்றி சிஸ்டர், கடவுள் ஆசீர்வதிப்பாருன்னு எழுதுவீங்க. சரி, சிஸ்டராவே இருந்துட்டுப் போவோம்னு விட்டுட்டேன்.”

மனைவி சிரித்துவிட்டார். “காலையில பல்லு விளக்குததுக்கு முன்ன அந்தப் பெட்டியைத்தான் பார்ப்பாவ.”

“எதுக்கு சார் மறைச்சீங்க?”

“சொன்னா இந்த வேலையையும் நீங்க வாங்கிக்கிடுவீங்க. அப்புறம் எனக்கு என்ன ஜோலி?”

கோமதிநாயகி காப்பியை எடுத்தாள்.

“அப்ப இந்த வருஷம் ஏன் புதுப்பிக்கல?”

“அழைப்பிதழ் பார்த்தேன். புதுசு வருதுன்னு போட்டிருந்துது. பழசை நீங்களே வேண்டாம்னுட்டீங்கன்னு நெனச்சேன். வேண்டாத இடத்துல ரெண்டாவது தடவை எதுக்கு உட்காரணும்?”

கோமதிநாயகி தம்ளரைக் கீழே வைத்தாள்.

“பரண்னு சொன்னேன். அறுபது பேர் முன்னால சொன்னேன்” என்றாள் கோமதிநாயகி.

“பரண்தான். ஆனா ஆள் ஏறி வந்துக்கிட்டே இருந்துது.”

“ஞாயித்துக்கிழமை மேடையில வச்சு, நான் சொன்னது தப்புன்னு சொல்லுதேன். அதுக்காக முகவரியைக் கொடுங்கன்னு கேட்கல. கொடுக்காட்டியும் சொல்லுவேன். ஆனா அந்த முகவரி செத்துப்போவக் கூடாது சார். இருநூறு வீட்டுல அதைத்தான் பார்த்துக்கிட்டு இருக்காங்க.”

ஞானதுரை எழுந்து உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. கோமதிநாயகி ஒருமுறைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வந்தவர் நான்காக மடித்த ஒரு தாளைக் கொடுத்தார். அதில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீளமான சங்கேதம். அந்த முகவரியை வேறொருவர் பெயருக்கு மாற்றுவதற்கான திறவுகோல்.

“ஒரு வருஷத்துக்குப் புதுப்பிச்சுட்டேன். அடுத்தது உங்க பாடு” என்றார். “அந்தச் சமாதானபுரத்துப் பிள்ளைக்கு நாற்காலி கொடுத்தாச்சா?”

“அது... அவங்களுக்கு வேண்டாமாம் சார்.”

“நல்லா நடக்கட்டும்” என்றார் ஞானதுரை.

வெள்ளிக்கிழமை காலையில் கோமதிநாயகி மாடிப்படி ஏறி வந்தாள். அன்றைக்குப் படியை எண்ணிக்கொண்டு வந்தவள்போல மெதுவாக வந்தாள். தாளைப் பார்த்துச் சங்கேதத்தைத் தானே அடித்தாள். தப்பில்லாமல் அடித்தாள். பழைய முகவரிக்குப் போகிறவர்கள் தானாகவே புதிய இடத்துக்கு வந்து சேரும்படி எப்படித் திருப்பிவிடுவது என்று கேட்டாள். ஜெபராணி காட்டித் தந்தாள். ஒரு தடவைதான் காட்டினாள்.

கடைசியாக ஒரு கட்டம் வந்தது. ‘உரிமையாளர் பெயர்.’

கோமதிநாயகி தன் பெயரை இன்ஷியலோடு அடித்தாள். அவளுடைய சொந்த மின்னஞ்சலையும் கீழே போட்டாள். நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தாள். பெருமையாகத்தான் பார்த்தாள்.

“எட்டு வருஷத்துக்கு முன்னால இதே கட்டத்துல ஞானதுரை சார் என்ன அடிச்சிருப்பாரு?” என்றாள் ஜெபராணி.

“அவரு பேரை.”

“ஏன்?”

“ஏன்னா, வேலை செஞ்சவரு அவருதானே. குழுவுல வேற எவனுக்குத் தெரியும்?”

சொல்லிவிட்டுக் கோமதிநாயகி திரையைப் பார்த்தாள். பிறகு அவசரமாகச் சொன்னாள்: “நான் அப்படி விட்டுட்டுப் போக மாட்டேன் டீச்சர்.”

“அவரும் போகலையே. அனுப்பினாங்க.”

கீழே தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கோமதிநாயகி கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“அப்ப யார் பேரைத்தான் போட?”

“உங்களை வெளிய அனுப்புத அன்னைக்கும் ஒரு ஆளு நாற்காலி கேட்டு எழுதுவாங்கக்கா” என்றாள் ஜெபராணி. “அது யார் கைக்குப் போய்ச் சேரணுமோ, அந்தப் பேரைப் போடுங்க.”

கோமதிநாயகி தன் பெயரை அழித்துவிட்டு, ‘கைத்தாங்கல்’ என்று அடித்தாள்.