தாழங்குளத்தின் நூறு சதவீதம்

ஐப்பசி மாதம் ஐந்தாம் நாள், காலை பத்து மணி. தாழங்குளம் அரசு உயர்நிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்பில் அன்று நாற்பத்தொரு பிள்ளைகள் இருந்தார்கள். தலைமையாசிரியர் பரஞ்சோதி காலாண்டுத் தேர்வின் மதிப்பெண் பட்டியலை முன்னால் விரித்து வைத்திருந்தது. பரஞ்சோதி ஒரு கொக்கு. பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பதும் அதுதான்.

பட்டியலில் மூன்று பெயர்களின் கீழ் சிவப்புக் கோடு இருந்தது. கணக்கில் ஆமை சொர்ணம் முப்பத்தொன்று. எருமைக் கன்று இருபத்தெட்டு. நத்தை இருபத்திரண்டு. தேர்ச்சிக்கு முப்பத்தைந்து வேண்டும்.

முந்தின நாள்தான் மலைமேல் ஆய்வுக் கூட்டம் நடந்திருந்தது. கல்வி அதிகாரி கழுகு, தேர்ச்சி குறைந்த பள்ளிகளின் தலைமையாசிரியர்களை எழுந்து நிற்கச் சொன்னது. பரஞ்சோதி இரண்டு மணி நேரம் நின்றது. ஒற்றைக் காலில் நிற்பது கொக்குக்குப் பழக்கம்தான். மற்றவர்கள் உட்கார்ந்து பார்க்க நிற்பதுதான் பழக்கமில்லை.

பக்கத்து மூங்கில்தோப்புப் பள்ளிக்குக் கேடயம் கொடுத்தார்கள். நூறு சதவீதத் தேர்ச்சி. கூட்டம் முடிந்து இறங்கும்போது அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் நரி, கொக்கிடம் வழியைச் சொல்லிக்கொடுத்தது. தேறாத பிள்ளையைத் தேற வைப்பது சிரமம். பட்டியலில் இல்லாமல் ஆக்குவது சுலபம். பெற்றோரைக் கூப்பிட்டு, டி.சி. வாங்கிக்கொண்டு தனித்தேர்வராக எழுதட்டும் என்றால் போதும். எல்லோரும் செய்வதுதான் என்றது நரி.

கொக்கு மோசமான ஆசிரியர் இல்லை. மழைக்காலத்தில் பள்ளிக்கூடத்துக்குள் குளம் வந்துவிட்டால் முழங்கால் தண்ணீரில் நின்று பாடம் நடத்தும். ஒரு நாள்கூட விடுப்பு எடுத்ததில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் இன்னொரு முறை எழுந்து நிற்க அதற்குத் தெம்பு இல்லை.

மூன்று பெற்றோரையும் வரச் சொன்னது. எருமை வந்து, என்ன ஏதென்று கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனது. நத்தையின் அப்பாவும் அப்படியே. சொர்ணத்தின் அம்மாதான் நகரவில்லை.

"நாலு மார்க்குதானே சார் குறையுது?"

பொதுத்தேர்வில் அந்த நாலு மார்க்குக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கொக்கு விளக்கியது. தனித்தேர்வுக்கு மையம் எங்கே என்று தாய் ஆமை கேட்டது. மலையடிவாரத்தில் என்றது கொக்கு.

"தேதி சொன்னப்புறம் கிளம்பினா, நாங்க அங்க போய்ச் சேர்றதுக்குள்ள பரீட்சை முடிஞ்சு ரிசல்ட்டே வந்திரும்."

"அதனால என்னம்மா, அடுத்த வருஷம் எழுதட்டும். உங்க குலத்துக்கு ஆயுசு நிறைய."

"அதுதான் சார் பயமே. இருநூறு வருஷமும் பத்தாவது தேறாதவன்னு பேரோட இருக்கணும்."

குளத்து மதகைக் காக்கும் வேலைக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கேட்டார்கள். சொர்ணத்துக்குச் சின்ன வயதிலிருந்தே அந்த வேலைமேல்தான் கண். அது கொக்குக்கும் தெரியும். இருந்தும் தாளை முன்னால் தள்ளியது. சார் சொன்னால் சரியாக இருக்கும் என்று தாய் ஆமை கடைசியில் கையெழுத்துப் போட்டது.

சொர்ணம் புத்தகங்களை ஓட்டின்மேல் வைத்துக் கட்டிக்கொண்டு கிளம்பியது. மைதானத்தைக் கடக்க அதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் கொக்கு ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது.

சொர்ணத்துக்கு வகுப்பில் ஒரு பழக்கம் இருந்தது. புரியாவிட்டால் ஓட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டி, "சார், இன்னொரு தடவை" என்று சொல்லும். பிள்ளைகள் சிரிப்பார்கள். கொக்கு பெருமூச்சு விட்டுத் திரும்பவும் நடத்தும். சில நாள் ஒரே பாடவேளையில் ஏழு முறை. அதனாலேயே பாடம் எப்போதும் பின்தங்கிக் கிடந்தது.

இப்போது பாடம் பறந்தது. கார்த்திகையில் மதகுக் கணக்கு வந்தது. குளத்துக்கு இரண்டு மதகுகள். முதல் மதகைத் திறந்தால் ஆறு மணி நேரத்தில் வெற்றுக் குளம் நிரம்பும். இரண்டாவதைத் திறந்தால் ஒன்பது மணி நேரத்தில் நிறைந்த குளம் வடியும். இரண்டையும் சேர்த்துத் திறந்தால் வெற்றுக் குளம் நிரம்ப எத்தனை மணி நேரம் ஆகும்?

கொக்கு அலகால் சேற்றில் எழுதிக் காட்டி, புரிந்ததா என்று கேட்டது. முப்பத்தெட்டுத் தலைகள் ஆடின. அரைப் பாடவேளை மிச்சமானது. இத்தனை வருஷம் இதைச் செய்யாமல் விட்டோமே என்று கொக்கு நினைத்துக்கொண்டது.

மார்கழியில் அரையாண்டுத் தேர்வு நடந்தது. அதே மதகுக் கணக்கு கேள்வித்தாளில் இருந்தது. விடை பதினெட்டு மணி நேரம். முப்பத்தெட்டுப் பேரும் மூன்று மணி முப்பத்தாறு நிமிடம் என்று எழுதியிருந்தார்கள். உள்ளே வரும் தண்ணீரையும் வெளியே போகும் தண்ணீரையும் ஒன்றாகக் கூட்டிவிட்டார்கள். வேறு கணக்குகளிலும் இதே கதைதான். ஒன்பது பேர் முப்பத்தைந்துக்குக் கீழே. வகுப்பில் முதலாவதாக வரும் அணில் முத்தழகு தொண்ணூற்று நாலிலிருந்து ஐம்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது.

கொக்கு சிவப்புப் பென்சிலை எடுத்தது. ஒன்பது பெயர்களை அடித்தால் மிச்சம் இருபத்தொன்பது. அந்த இருபத்தொன்பதில் கடைசியாக நிற்பது யார்? அவர்களையும் அடித்தால்? இந்த வழியில் நூறு சதவீதம் வரும்போது வகுப்பில் ஒற்றை அணில்தான் உட்கார்ந்திருக்கும். அதுவும் நிச்சயம் இல்லை.

பென்சிலை வைத்துவிட்டு முத்தழகைக் கூப்பிட்டது.

"புரிஞ்சுதான்னு கேட்டப்ப நீயுந்தானே தலையாட்டினே?"

அணில் வாலைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டது. "புரியல சார்."

"அப்ப ஏன் கேக்கல?"

"சொர்ணம் கேப்பா சார். நாங்க கேட்டுக்குவோம்."

அணில் தொடர்ந்தது. முதல் ரேங்க் எடுக்கிறவளுக்கே தெரியவில்லையா என்று மற்றவர்கள் சிரிப்பார்கள் என்றது. சொர்ணம் போனதிலிருந்து வகுப்பில் யாருமே வாய் திறப்பதில்லை என்றும் சொன்னது. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தவளை மெதுவாக எட்டிப் பார்த்தது. அதற்கு இருபத்தாறு மதிப்பெண்.

"தெரியலன்னு சொன்னா டி.சி. குடுத்துருவீங்கன்னு பயம் சார். அடுத்தது நானா?"

தேர்வுத் துறைக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்பக் கடைசி நாள் தை பத்து. தை இரண்டாம் நாள் காலை கொக்கு சொர்ணத்தின் வீட்டுக்குப் பறந்து போனது. தாய் ஆமை வாசலிலேயே மறித்தது.

"என்ன சார், பட்டியல்ல ஆள் குறையுதா?"

"வகுப்புல கேள்வி குறையுதும்மா." கொக்கு தலையைத் தாழ்த்திக்கொண்டது. "நான் பண்ணினது தப்பு. பிள்ளையை அனுப்புங்க."

"தேறலேன்னா மறுபடியும் கூப்பிட்டுக் கையெழுத்துக் கேப்பீங்களா?"

"கேக்க மாட்டேன். தேறலேன்னா நான் போய் நின்னுக்கறேன்."

தாய் ஆமை யோசித்து முடிக்கவில்லை. அதற்குள் சொர்ணம் புத்தகங்களை ஓட்டின்மேல் கட்டத் தொடங்கியிருந்தது. சொல்லி அனுப்பியதும் எருமைக் கன்று அன்று மாலையே வகுப்புக்கு வந்துவிட்டது. நத்தை கிளம்பிவிட்டதாகச் சேதி வந்தது. கொக்கு மூன்று பெயர்களையும் பட்டியலில் சேர்த்தது. ஒன்பது பெயர்களில் எதையும் அடிக்கவில்லை.

சொர்ணம் வந்த அன்றே கொக்கு மதகுக் கணக்கைத் திரும்ப நடத்தியது. ஆமையின் தலை வெளியே நீண்டது.

"சார், வெளிய போற தண்ணியையும் சேத்துக் கூட்டினா, குளம் இன்னும் சீக்கிரமால்ல ரொம்புது? ஓட்டை இருந்தா சீக்கிரம் ரொம்புமா?"

யாரும் சிரிக்கவில்லை. முப்பத்தொன்பது தலைகள் சேற்றைப் பார்த்துக் குனிந்தன. கொக்கு முதலிலிருந்து தொடங்கியது. பாதியில் முத்தழகும் கையைத் தூக்கி இன்னொரு தடவை என்றது. பிறகு தவளை. அன்றைக்கு ஒரே கணக்குதான் முடிந்தது.

பங்குனியில் நாற்பத்தொரு பேரும் பொதுத்தேர்வு எழுதினார்கள். வைகாசியில் முடிவு வந்தது. முப்பத்தொன்பது பேர் தேர்ச்சி. எருமைக் கன்று சரியாக முப்பத்தைந்து. தவளை ஐம்பத்திரண்டு. முத்தழகு தொண்ணூற்று ஏழு. தேறாதவர்கள் இரண்டு பேர். ஒன்று நத்தை. இன்னொன்று, கணக்கில் முப்பத்து மூன்று எடுத்த சொர்ணம். மதகுக் கணக்கைச் சரியாகப் போட்டிருந்தது. மற்றதற்கு நேரம் போதவில்லை.

ஆய்வுக் கூட்டத்தில் மூங்கில்தோப்புக்கு மறுபடியும் கேடயம் கிடைத்தது. அந்தப் பள்ளியில் தேர்வு எழுதியவர்கள் பத்தொன்பது பேர். கழுகு பெயரைக் கூப்பிடும் முன்பே பரஞ்சோதி எழுந்து நின்றது.

"உங்க பள்ளியில ஏன் நூறு வரல?"

"நாற்பத்தொரு பேர் படிச்சாங்க. நாற்பத்தொரு பேரும் எழுதினாங்க ஐயா."

கழுகு கோப்பைப் புரட்டித் தேறாதவர்களின் பெயர்களைப் பார்த்தது. அதற்கும் மேலே பதில் சொல்ல வேண்டிய இடங்கள் இருந்தன. துணைத்தேர்வுக்கு மையம் மலையடிவாரம்தானே, ஆமை எப்படி வரும் என்று மட்டும் கேட்டது. வைகாசியிலேயே நடக்க ஆரம்பித்துவிட்டது, கொக்கும் சனி ஞாயிறுகளில் பறந்து போய் வழியில் பாடம் சொல்கிறது என்று தெரிந்துகொண்டது. கோப்பில் என்னவோ எழுதி, அடுத்த பள்ளியைக் கூப்பிட்டது.

ஆடி மாதம் பதினான்காம் நாள் துணைத்தேர்வு முடிவு வெளியானது. தாழங்குளம் சொர்ணம் கணக்கில் நாற்பத்தொரு மதிப்பெண் பெற்றுத் தேர்ச்சி அடைந்தது.

தெரியவில்லை என்று சொல்பவரை வெளியே அனுப்பிவிட்டால், தெரிந்ததுபோல் தலையாட்டுபவர்கள்தான் உள்ளே மிஞ்சுவார்கள்.