மலைப்பாதையில் கேட்காத குரல்

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில், மலையைச் சுற்றி ஓர் ஒடுக்கமான பாதை போயிற்று. ஒரு கிழ யானையும் ஓர் இளம் காட்டெருதும் சின்னப் பிராணிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு தினமும் அதில் போய்வரும். மேலிருந்து பாறை உருண்டால் எச்சரிக்க, உச்சியில் ஓர் ஆள்காட்டிக் குருவி காவல் இருந்தது.

ஒரு நாள் பாறை ஒன்று உருண்டது. குருவி கீச்சென்று கத்தியது. யானை நிற்கவில்லை. பாறை அதன் தந்தத்தை உரசிக்கொண்டு விழுந்தது. முதுகிலிருந்த முயல் அதிர்ச்சியில் கீழே விழுந்து காலை ஒடித்துக்கொண்டது.

"பெரியவருக்குத் திமிர். நானாக இருந்தால் அப்போதே நின்றிருப்பேன்" என்றது காட்டெருது.

"குரல் வந்ததே எனக்குத் தெரியாதப்பா" என்று யானை தலை குனிந்தது.

குருவிக்கு வியப்பாக இருந்தது. 'இவ்வளவு பெரிய காதில் என் குரல் ஏன் விழவில்லை?' அதைத் தெரிந்துகொள்ளாமல் அதற்கு இருப்புக் கொள்ளவில்லை. மரங்கொத்தியை அழைத்துவந்தது. யானையின் பின்னால் நின்று ஒருமுறை கத்திப் பார்த்தது. யானை அசையவில்லை. மரங்கொத்தி, பொந்து விழுந்த மரத்தில் தொம் தொம் என்று தட்டியது. யானை உடனே திரும்பிப் பார்த்தது.

"வயதானதால் கீச்சுக் குரல் இவருக்குக் கேட்பதில்லை. கனத்த ஓசை கேட்கிறது" என்றது குருவி. "இனி நான் கத்தும்போது நீயும் தட்டு."

"எனக்கு இரண்டுமே கேட்கும்" என்று காட்டெருது சிரித்தது.

நான்கு நாள் கழித்து எருது முன்னே போக, யானை பின்னே வந்தது. எருதின் மேல் ஒரு குரங்கு. தேன் எடுக்கப் போய்க் கரடியிடம் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லிக்கொண்டே வந்தது.

பாறை உருண்டது. குருவி கத்தியது, மரங்கொத்தி தட்டியது.

"அப்புறம் கரடி என்ன செய்தது?" என்று கேட்டபடி எருது நடந்துகொண்டே இருந்தது.

யானை துதிக்கையை நீட்டி அதன் வாலைப் பிடித்து இழுத்தது. எருதின் மூக்குக்கு முன்னால் பாறை விழுந்து நொறுங்கியது.

எருது ஓரடி பின்னால் நகர்ந்தது. "என் காது நன்றாகத்தானே இருக்கிறது? எனக்கு ஏன் கேட்கவில்லை?"

"கரடி என்ன செய்தது என்று கேட்டுக்கொண்டிருந்தாயே" என்றது பறந்து இறங்கி வந்த குருவி.

எருது மெல்ல யானையின் பக்கம் திரும்பியது. "பெரியவரே, உங்களைத் திமிர் பிடித்தவர் என்றது தப்பு."

கொஞ்ச தூரம் போனதும் குரங்கு மறுபடி வாயைத் திறந்தது.

"மீதியை இறங்கின பிறகு சொல்" என்றது எருது.

நீதி: பிறரைச் சுமந்து செல்பவர் தம் காதின் கூர்மையை நம்பி இருந்துவிடாமல், கவனத்தை வழியில் வைக்க வேண்டும்.