ஈயம் இளகிய கதை

பொன்னும் இரும்பும் மனிதர்களோடு வாய்கொடுத்துப் பேசிய அந்தக் காலத்தில், எல்லாவற்றையும்விடக் கெட்டியாக இருந்தது ஈயம்தான். கெட்டியாக இருந்து என்ன? பொன் கழுத்தில் ஏறியது, இரும்பு ஏரில் ஏறியது, ஈயத்தை ஒருவரும் சீந்தவில்லை.

சாத்தையன் என்ற முத்துக்குளிப்பவன்தான் ஒருநாள் அதைத் தூக்கிப் பார்த்தான். "கையளவு இருந்துக்கிட்டு என்னா கனம்! எங்கூடக் கடலுக்கு வாறியா?" என்றான். ஈயத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அதுவரை அதை யாரும் எங்கும் கூப்பிட்டதே இல்லை.

படகில் கயிறு பிடித்தவன் பேச்சிமுத்து, சாத்தையனுடைய மனைவியின் அண்ணன். தங்கையின் தாலியை நினைக்கிறவன் கயிற்றை நழுவவிடமாட்டான் என்று, அந்தக் கரையில் மச்சான்மார்தான் கயிறு பிடிப்பார்கள். ஈயம் கட்டிய கயிற்று வளையத்தில் காலை நுழைத்துச் சாத்தையன் விறுவிறுவென்று இறங்குவான். தரை தட்டியதும் காலை உருவிக்கொள்வான். மச்சான் ஈயத்தை மேலே இழுத்துவிடுவான். சிப்பி பொறுக்கி முடித்தபிறகு சாத்தையன் தன் இடுப்புக் கயிற்றை அசைத்து மேலே வருவான்.

அதுதான் ஈயத்துக்குப் பொறுக்கவில்லை. "சேந்துதானே எறங்குறோம்? காரியம் முடிஞ்சதும் என்னைய மட்டும் கழட்டி விடுறியே!"

"அட கோட்டிக்காரா! நீ மேல போனாத்தான் நான் தரையில நிக்கேன்னு மச்சானுக்குத் தெரியும்" என்று சிரித்தான் சாத்தையன். ஈயம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் தரை தட்டியதும் அது ஒரு பாறை இடுக்கில் அழுத்தி உட்கார்ந்துகொண்டது. ஒரு நாளாவது சேர்ந்தே ஏறலாம் என்ற ஆசைதான், பாவம். ஆனால் சாத்தையனின் கால் அதற்கும் பாறைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

அவன் இழுத்தான், வரவில்லை. மேலிருந்து பேச்சிமுத்து இழுத்தான், அப்போதும் வரவில்லை. சாத்தையனின் வாயிலிருந்து கடைசி மூச்சு குமிழ்களாகப் போயிற்று. ஈயம் நகரப் பார்த்தது. அதன் கெட்டி உடம்பு இடுக்கில் இறுகிப்போயிருந்தது.

"கடல் தாயே, எங் கெட்டிய எடுத்துக்கோ!" என்று அலறியது.

"எடுத்தால் நகம் பட்டாலும் உனக்குக் கீறல் விழும். அடுப்புத் தீக்கே உருகிப்போவாய். சம்மதமா?"

"அவன் வீட்டுக்குப் போகணும் தாயே. எடுத்துக்கோ."

ஈயம் இளகி, அப்படியே நசுங்கிக் கொடுத்தது. கால் விடுபட்டது. பேச்சிமுத்து இடுப்புக் கயிற்றை இழுத்து அவனைப் படகில் ஏற்றினான்.

"மாப்ள! ஒனக்கு ஒண்ணு ஆயிருந்தா தங்கச்சி மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்று பேச்சிமுத்து திட்டிக்கொண்டே அழுதான். தண்ணீரைக் கக்கிவிட்டுச் சாத்தையன் முதலில் கேட்டது ஈயத்தைத்தான். "அது கீழ கெடக்கு மச்சான். அதையும் இழுங்க."

வந்த ஈயத்தின்மேல் அவன் பாதம் அழுந்திய பள்ளம் இருந்தது. அதைத் தடவி, "வலிக்கா?" என்றான்.

"இல்ல. நாளைக்கு நானே முன்னாடி ஏறிடுதேன்" என்றது ஈயம்.

அன்று முதல்தான் ஈயம் நகம் பட்டாலும் கீறல் விழுகிற மென்மையோடு இருக்கிறது. முத்துக்குளிக்கும் மனிதனோடு இறங்கி, அவனுக்கு முன்னால் ஏறிவந்து, மச்சானின் காலடியில் கிடந்து, இடுப்புக் கயிறு எப்போது அசையும் என்று அவனோடு சேர்ந்து காத்திருக்கிறது.