மூழ்க மறுத்த வட்டில்

முன்னொரு காலத்தில், அரசர்களுக்குக் கோபம் வந்தால் சட்டமும் சிரிப்பு வந்தால் முத்துமாலையும் பிறந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு ராஜ்யத்தில் நீதிநூல் பாடசாலை ஒன்று இருந்தது. அங்கே இறுதித் தேர்வில் தேறியவர்கள்தான் அரசவையில் வழக்காடலாம்.

தேர்வுக்கு நேரம் பார்ப்பது நாழிகை வட்டிலை வைத்து. அடியில் ஊசித் துளை போட்ட செப்புக் கிண்ணம் அது. காலையில் அதை நீர் நிறைந்த அண்டாவில் மிதக்க விடுவார்கள். துளை வழியே கொஞ்சம் கொஞ்சமாக நீர் ஏறி உச்சிப்பொழுதில் மூழ்கும். அதோடு தேர்வு முடிந்தது.

ஒரு வருஷம் அரசருக்குக் கோபம் வந்துவிட்டது. வந்ததில் தப்பும் இல்லை, செல்லங்களே. தேர்வு நாள் நெருங்கினால் மாணவர்கள் பாதிப் பேருக்கு வயிற்றுவலி. ஒருவனுடைய சித்தப்பா வருஷம் தவறாமல் தேர்வு நாளன்றே செத்துக்கொண்டிருந்தார். ‘இனி யாருக்கும் வேறு நாள் கிடையாது. வராதவர் வராதவர்தான், மறுபடி எழுதவும் முடியாது’ என்று அரசர் ஆணையிட்டார்.

விதிகளை எழுதும் வேலை பாடசாலைத் தலைவர் வேதாசலப் பண்டிதருக்கு வந்தது. பங்குனிப் பௌர்ணமியில் வட்டில் மிதக்கும். அது மூழ்கும்வரை வருகிறவர்கள் வந்து எழுதலாம். உள்ளே வந்தவர் எவரும், தலைமை வகிக்கும் அரசரே ஆனாலும், அது மூழ்கும்வரை வெளியேறலாகாது. மிதக்கும் வட்டிலை எவர் கையும் தொடலாகாது. ‘அரசரே ஆனாலும்’ என்ற இடத்தை வாசித்தபோது, தாமும் விதிக்குக் கட்டுப்பட்டவர் என்று உலகம் புகழுமே என்று அரசருக்கு ஒரே பூரிப்பு.

அந்தப் பாடசாலையில் செண்பகவல்லி என்று ஒரு பெண் படித்தாள். செக்காட்டுகிறவர் மனைவி. தேறினால் அந்த அவையில் வழக்காடும் முதல் பெண் அவள்தான். அவளுக்கு அப்போது நிறைமாதம். மருத்துவச்சி வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, பௌர்ணமியை ஒட்டித்தான் பேறு என்று சொல்லிவிட்டாள்.

அவள் நேரே போய் நின்றது அரண்மனை விகடர் மயிலேறியின் வாசலில்.

“படிச்சதெல்லாம் வீணாப் போயிரும் போல இருக்கு அண்ணா. பிள்ளைக்குச் சட்டம் தெரியாதே.”

“தெரிஞ்சா அது வெளியவே வராது தாயி. நீ போய் நல்லபடியா பெத்துக்க. உடம்பு நிமிர்ந்ததும் தேர்வு மண்டபத்துக்கு வா.”

“அதுக்குள்ள வட்டில் மூழ்கிடுமே.”

“அது எம் பாடு.”

மறுநாள் மயிலேறி அவளுக்காக அவையில் பேசினார். பண்டிதருக்கு அவர்மேல் வெகுநாள் பொறாமை. தாம் பேசினால் கொட்டாவி விடும் அரசர், மயிலேறி வாய் திறந்தாலே சிரிக்கிறாரே.

“அரசே, விதியில் ஓர் எழுத்தை அசைத்தாலும் அது விதி ஆகாது,” என்றார் பண்டிதர். “எழுத்து அசையாமல் அந்தப் பெண்ணை எழுத வைக்கட்டும் விகடர். முடியாவிட்டால் இந்த அவையில் இனி வாய் திறக்க வேண்டாம்.”

வேடிக்கை பார்க்கும் ஆசையில் அரசரும் தலையாட்டிவிட்டார்.

தேர்வுக்கு முதல் நாள் மயிலேறி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பண்டிதரிடம் போனார். தோற்றுவிட்டேன் ஐயா, என்றார். போகிற போக்கில், போன வருஷம் வட்டிலுக்கு வைத்த சந்தனப் பொட்டு அரசர் கண்ணுக்கே தெரியவில்லையாம், உங்கள் பக்தி வெளியே தெரியாமல் போகிறதே என்று வருத்தப்பட்டார். பண்டிதர் அப்போதே சந்தனம் அரைக்கச் சொல்லி, வட்டில் முழுக்க அப்பினார்.

“அடியிலும் பூச வேண்டுமா?”

“வருண பகவான் கீழே இருந்துதானே பார்ப்பார்?”

அடியிலும் அப்பினார். வட்டில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஆயிற்று.

பௌர்ணமியன்று சங்கு ஊதி வட்டிலை மிதக்க விட்டார்கள். உச்சிப்பொழுது வந்தது. வட்டில் வாத்துப்போல மிதந்தது. எழுதி முடித்தவர்கள் இன்னொரு முறை எழுதினார்கள். பொழுதும் சாய்ந்தது. சந்தனம் துளையை அடைத்திருப்பது அப்போதுதான் பண்டிதருக்கு உறைத்தது. கையை நீட்டினார்.

“எழுத்து அசைகிறது, பண்டிதரே,” என்றார் மயிலேறி. கை தானாகப் பின்னால் போயிற்று.

அரசர் எழுந்தார். “அரசரே ஆனாலும்” என்று ஆரம்பித்தார் மயிலேறி. அரசர் உட்கார்ந்தார்.

சோறு உள்ளே வர விதியில் தடை இல்லை, வந்தது. மற்றதெல்லாம் என்னைக் கேட்காதீர்கள். மண்டபத்துக்குப் பின்னால் ஒரு தோட்டம் இருந்தது, அதையும் மண்டபம் என்றே வைத்துக்கொண்டார்கள். பொழுது விடிந்தது, அடைந்தது, மறுபடி விடிந்தது. பௌர்ணமி போய்விட்டதே என்று முனகினார் அரசர்.

“நிலாவுக்கு விதி தெரியாது அரசே. வட்டில் மூழ்கும்வரை நமக்கு இது தேர்வு நாள்தான்.”

அப்போது வாசலில் ஒரு வில்வண்டி வந்து நின்றது. செண்பகவல்லி மெல்ல இறங்கினாள். பின்னால் அவள் கணவன், கையில் துணி சுற்றிய ஆண் குழந்தை. தரையில்தான் உட்கார வேண்டும் என்று விதியில் இல்லை. அதனால் தலையணையில் சாய்ந்துகொண்டே எழுதினாள். குழந்தை அழுதால் நிறுத்திப் பால் கொடுத்தாள். நேரமாயிற்று என்று யாரால் சொல்ல முடியும்? கடைசி ஓலையையும் எழுதி முடித்து எழுத்தாணியை வைத்தாள்.

எல்லோரும் வட்டிலைப் பார்த்தார்கள். அது மிதந்தது. அரசருக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

மயிலேறி குழந்தையின் தகப்பனைக் கூப்பிட்டு, அண்டா ஓரம் குளுமையாக இருக்கும், துணியை விலக்கிக் கொஞ்சம் காற்றுப்பட நில்லும் என்றார். காற்றுப் பட்டால் பச்சைக் குழந்தை என்ன செய்யும்? செய்தது. மெல்லிய தாரையாக, வட்டிலுக்குள்ளேயே. ஊறி இளகிக் கிடந்த சந்தனம் அந்த வெதுவெதுப்பில் விட்டுக்கொடுத்தது. துளை திறந்தது. நீர் பழையபடி கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. அரசர் கண் கொட்டாமல் பார்த்திருக்க, கடைசியில் வட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ‘களுக்’ என்று மூழ்கியது.

“விதி மீறல்,” என்று எழுந்தார் பண்டிதர்.

“கை படவில்லையே ஐயா,” என்றார் மயிலேறி.

அரசர் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே தோட்டத்துப் பக்கம் இல்லாமல் நேரே அரண்மனைப் பக்கம் ஓடினார். குளித்துச் சாப்பிட்டுத் திரும்பி வந்து, தம் கழுத்து முத்துமாலையை மயிலேறிக்குப் போட்டார். அவர் அதைக் கழற்றிக் குழந்தையின் கழுத்தில் போட்டார். அது கால்வரை தொங்கியது.

செண்பகவல்லி தேறினாள். பண்டிதரே உட்கார்ந்து விதியைத் திருத்தி எழுதினார்: பேறு, நோய், வீட்டில் சாவு, இந்த மூன்றுக்கும் வேறு நாள் உண்டு, எழுத முடியாதவருக்கு வசதி செய்து தரவேண்டும். கடைசி வரியை மட்டும் அரசரே சொல்லிச் சேர்த்தார்: ஒரு சித்தப்பா ஒரு முறைதான் சாகலாம்.

அந்தச் சித்தப்பா அதற்கப்புறம் நெடுங்காலம் சுகமாக இருந்தாராம். நீங்களும் அப்படியே இருங்கள், என் கண்களா.