உரக்கச் சொன்னதும் மெதுவாகச் சொன்னதும்

பீரங்கிச் சத்தத்தில் இரண்டு காதையும் தொலைத்தவன் என் கூட்டாளி செங்கோடன். தொண்டை கிழியக் கத்தினால்தான் அவனுக்குக் கேட்கும். படையைவிட்டு வரும் நாளில் டாக்டர், "ஏதாவது குறை உண்டா?" என்று கேட்டார். உண்டு என்றால் ஆஸ்பத்திரியில் போட்டுவிடுவார்கள், ஊருக்கு ரயிலேற முடியாது. எல்லோரையும் போல அவனும் "இல்லை சார்" என்றான். காதைப் பார்க்காமலே அப்படி எழுதிக்கொண்டார்கள்.

வயதான பிறகு, காது போனதற்கான பென்ஷன் கேட்டு இருவரும் போனோம். அதிகாரி பழைய பதிவைப் புரட்டினார்.

"உனக்குக் காது நல்லாக் கேக்கும்னு இருக்கே."

"என்னங்கய்யா?"

இன்னும் உரக்கச் சொன்னார்.

"என்னங்க?"

அதிகாரி எழுந்து, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். "காது நல்லாக் கேக்கும்னு அரசாங்கமே எழுதியிருக்குய்யா! பொய் சொல்லி வாங்கப் பாக்குறியா?"

வாசலில் வரிசையாக நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

செங்கோடன் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தான். "அரசாங்கம் எழுதினதை நீங்களே நம்பலையேங்கய்யா. நம்பினா ஏன் இப்படிக் கத்துறீங்க?"

வரிசை முழுக்கச் சிரித்தது. அதிகாரி உட்கார்ந்தார். காதை மறுபடி பரிசோதிக்கச் சொல்லி எழுதி, கையெழுத்துப் போட்டார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "மன்னிச்சிருங்க பெரியவரே" என்றார்.

எனக்குக் கேட்டது. செங்கோடனுக்குக் கேட்கவில்லை. பொய்யன் என்று வாசல்வரை கேட்கச் சொன்ன மனுஷனுக்கு, மன்னிப்பை மட்டும் உரக்கச் சொல்ல வாய் வரவில்லை.